மழைமாதத்துப் பாவு

ஜூலை 2, ஹட்டன்

இரண்டு கைத்துவாய்க்குக் கணக்கு. அச்சில் (தறியில் இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு) அகலம் 45 சென்ரிமீற்றர்; சென்ரிமீற்றருக்கு 8 இழை, மொத்தம் 360. துவாய்க்கு 80 சென்ரிமீற்றர் நெய்ய வேண்டும். இழை வளைவதில் குறைவது, தறியோடு வீணாகும் முனை எல்லாம் சேர்த்துப் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் இழை, 2.5 மீற்றர். ஆக 900 மீற்றர். 10ஆம் நம்பர் ஒற்றைப் பருத்தி நூல் 100 கிராமுக்கு ஏறக்குறைய 1,690 மீற்றர் ஓடும். பாவுக்கு 55 கிராம், குறுக்கே ஓடும் ஊடைக்கு 40, அறுந்தால் முடிய இன்னும் 10. 20ஆம் நம்பர் இழை இரண்டைச் சேர்த்து முறுக்கிய 2/20 நூலுக்கும் கணக்கு இதேதான், இழைக்கு உரமேற்றும் கஞ்சி மட்டும் தேவையில்லை. வெயில் இல்லாத இந்த மாதங்களில் புதிதாகத் தொடங்குபவர்கள் அதையே வாங்குங்கள்.

ஜூலை 3

கழியை (வளையமாகச் சுற்றிய நூலை) நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, சவர்க்காரத் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிடவும். நூலில் இயற்கையாக உள்ள மெழுகு போகாவிட்டால் கஞ்சி உள்ளே இறங்காது. 15 கிராம் கோதுமை மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, அரை லீற்றராக்கி, கண்ணாடி போல வரும்வரை காய்ச்சவும். அரைத் தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டால் இழை முறியாது. துணியில் வடிகட்டாமல் விட்டால் கட்டிகள் அச்சுப் பல்லில் சிக்கும். உப்புப் போடவே கூடாது, அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஜூலை 4

மூடுபனி. கஞ்சியில் தோய்த்துப் பிழிந்த கழியைக் கம்பில் மாட்டி, கீழே இன்னொரு கம்பைத் தொங்கவிட்டு, அடிக்கடி உதறித் திருப்ப வேண்டும். இல்லையேல் இழைகள் ஒட்டிப் பிரியாது. அடுப்படியில் காயவிடலாம், புகைக்கு எட்டத்தில். கன்னத்தில் வைத்துக் குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரத்தோடு சுற்றினால் கரும்புள்ளி விழும், பிறகு எதற்கும் போகாது.

ஜூலை 7

பாவு ஓட்டி, சுற்றியாயிற்று. சுற்றுக்குச் சுற்று தடித்த காகிதம் வைக்காவிட்டால் ஓர இழைகள் உள்ளே புதைந்து தளரும். நெய்யும்போது முதலில் அறுவது அவைதான்.

ஜூலை 10

ஊடையை நேராக இழுத்து அடிக்காதீர்கள். துணியின் விளிம்பிலிருந்து சற்று மேல்நோக்கிச் சாய்த்து விட்டு அடித்தால் அகலம் உள்வாங்காது. உள்வாங்கிய துணியில் ஓர இழை அச்சில் உரசி அறும். சென்ரிமீற்றருக்கு 8 ஊடை போதும், கழுவினால் நெருங்கிவிடும். இரவில் பாவு சுற்றிய உருளையின் பற்சக்கரத்தில் ஒரு பல் தளர்த்தவும். ஈரமேறினால் பருத்தி இழை சுருங்கி இறுகும்.

ஜூலை 14

ஓரம் தைத்தபின் வெந்நீரில் ஊறவைத்து, தண்ணீரில் வழவழப்பு நிற்கும்வரை அலசவும். மாப்பசை மிஞ்சினால் அலுமாரியில் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்தபின் 80 நெய்தது 72 அளவில் நிற்கும்.