செங்குத்துக் காற்று: வைவாவில் தடுக்கி விழுந்த பிறகு நான் படித்த விதம்

வளிமண்டல இயக்கவியல் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எனக்கு வந்த முதல் கேள்வி இது: "ரேடியோசோண்டு பலூன் மேலே போகிறது. அங்கே காற்றும் மேலே போகிறதா என்று அதை வைத்துச் சொல்வீர்களா?" செங்குத்துக் காற்றைக் கணக்கிடும் ஒமேகா சமன்பாட்டை ஒரு குறி பிசகாமல் உருப்போட்டுப் போயிருந்தேன். இதற்கு வாய் திறக்க முடியவில்லை.

விடை எளிது. வானிலைக் கருவியைச் சுமக்கும் இந்த பலூன் தன் மிதப்பாலேயே நொடிக்கு சுமார் 5 மீட்டர் ஏறுகிறது. பரந்த வானிலை அமைப்புகளில் காற்று ஏறுவதோ நொடிக்குச் சில சென்டிமீட்டர். பலூனின் ஏறு வேகத்தில் இயல்பாக வரும் தடுமாற்றமே அதை விழுங்கிவிடும். ஆகவே காற்றைப் பொறுத்தவரை சோண்டு தருவது கிடைக்காற்று (கிடைமட்டக் காற்று) மட்டுமே. செங்குத்து வேகத்தை நாம்தான் கணக்கிட்டு எடுக்க வேண்டும். இடிமேகத்துக்குள் கதை வேறு. அங்கே நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டும் ஏற்றம் சாதாரணம்.

மறுமுறை படித்தபோது சமன்பாட்டை மூடி வைத்துவிட்டு அளவுகளில் இருந்து தொடங்கினேன். ஒமேகா என்பது ஒரு காற்றுப் பொதியின் அழுத்தம் நேரத்தோடு மாறும் வீதம். மேலேறினால் அழுத்தம் குறையும். அதனால் ஏற்றத்துக்குக் கழித்தல் குறி. தரைக்கு அருகில் நொடிக்கு 1 செ.மீ. ஏற்றம் என்றால் ஒமேகா சுமார் −0.1 பாஸ்கல்/நொடி, அதாவது மணிக்கு 3.6 ஹெக்டோபாஸ்கல். இந்த ஒரு மாற்றம் கைவசம் இருந்தால் எந்த வரைபடத்தையும் பார்த்த மாத்திரத்தில் படிக்கலாம்.

அடுத்து, கையால் ஒரு கணக்கு. இதைச் செய்யாமல் தேர்வுக்குப் போகாதீர்கள். மூன்று நிலையங்களை முக்கோணமாக எடுத்து, ஒவ்வொரு மட்டத்திலும் காற்றின் குவிதலையும் விரிதலையும் கண்டு, பக்கவாட்டில் குவியும் காற்று மேலோ கீழோ போயாக வேண்டும் என்னும் தொடர்ச்சிச் சமன்பாட்டால் தரையிலிருந்து மேலே கூட்டிக்கொண்டே போனேன். மேகமே இல்லாத நாள் அது. வானிலை நிகழும் கீழ் அடுக்கின் உச்சியான ட்ரோபோபாஸ் அருகே ஏறக்குறைய பூஜ்ஜியம் வந்திருக்க வேண்டும். எனக்கு நொடிக்கு 12 செ.மீ. ஏற்றம் வந்தது! கூட்டலில் தப்பு என்று இரண்டு மாலைகளை வீணாக்கினேன்.

தப்பு கூட்டலில் இல்லை. 200 கி.மீ. இடைவெளியில் காற்று 2 மீ/நொடி வேறுபட்டால் விரிதல் 10⁻⁵/நொடி. அது 1 கி.மீ. தடிமனுக்கு 1 செ.மீ./நொடி செங்குத்து வேகம் தரும். அளவீட்டில் 1 மீ/நொடி பிழை இருந்தாலே விடையில் பாதி போச்சு. அந்தப் பிழை ஒரே திசையில் இருந்தால் மேலே போகப்போகக் குட்டி போடும். 1970இல் ஓபிரையன் என்ற ஆய்வாளர் தந்த திருத்தம் இதற்காகத்தான்: உச்சியில் வேகம் இவ்வளவு என்று நிர்ணயித்துக்கொண்டு, மிச்சப் பிழையை மட்டங்களுக்குப் பகிர்ந்துவிடுவது. கொஞ்சம் ஒட்டுப்போடுவது போலத்தான் இருக்கும், ஆனால் வேலை செய்கிறது.

வானிலையைக் கையாலேயே கணக்கிட முயன்று ரிச்சர்ட்சன் 1922இல் வெளியிட்ட புகழ்பெற்ற கணக்கு சறுக்கியதும் இதே இடத்தில்தான். 1910 மே 20ஆம் நாளுக்கு, 6 மணி நேரத்தில் அழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் உயரும் என்று வந்தது. உண்மையில் அது அசையவே இல்லை எனலாம். தொடக்கத் தரவில் காற்றும் அழுத்தமும் ஒன்றுக்கொன்று பொருந்தாததால் பொய்யான விரிதல் முளைத்துவிட்டது. இதைப் படித்தபோது என் 12 செ.மீ. பற்றிய வெட்கம் போய்விட்டது.

இதற்குப் பிறகு ஒமேகா சமன்பாட்டைத் திறந்தால், அது ஏன் பிறந்தது என்று தெரியும்: விரிதலை நேரடியாக அளக்காமல், காற்றின் சுழற்சியளவான சுழிப்பு காற்றோடு பெயர்வது மேலே போகப்போக எப்படி மாறுகிறது, வெப்பம் எங்கே பெயர்கிறது என்பதிலிருந்து ஏற்றத்தைப் பிடிக்கிறது. சமன்பாட்டின் இந்த இரண்டு உறுப்புகளும் பல நேரம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அந்தத் தொல்லைக்குத்தான் 1978இல் ஹாஸ்கின்ஸ் குழுவினரின் கியூ வெக்டர், இரண்டு உறுப்புகளையும் ஒன்றாக்கும் திசையளவு: அது குவியும் இடத்தில் ஏற்றம். வருவித்தலை ஒருமுறை எழுதிப் பாருங்கள், போதும்.

நேரடி அளவீடு பற்றியும் கேட்பார்கள். நேர் மேலே பார்த்து உயரவாரியாகக் காற்றை அளக்கும் விண்ட் ப்ரொஃபைலர் ரேடார்தான் முதல் விடை. 50 மெகாஹெர்ட்ஸ் அருகே இயங்குபவை மழையிலும் காற்றின் சமிக்ஞையைத் துளிகளிடமிருந்து பிரித்துக் காட்டும். அதிர்வெண் கூடினால் துளி விழும் வேகமே மேலோங்கிவிடும். 2024 மே மாதம் ஏவப்பட்ட எர்த்கேர் செயற்கைக்கோளின் டாப்ளர் ரேடார் மேகத் துகள்களின் செங்குத்து அசைவை விண்ணிலிருந்தே பார்க்கிறது.

வானிலைக் கணினி மாடல் பகுதியில் நான் திரும்பத் திரும்பச் சறுக்கியது ஒன்று உண்டு. ஹைட்ரோஸ்டாடிக் மாடலில் (செங்குத்தில் புவியீர்ப்பும் அழுத்த வேறுபாடும் சமன் என்று கொள்வது) செங்குத்து வேகத்துக்குத் தனி முன்கணிப்புச் சமன்பாடு கிடையாது; கிடைக்காற்றிலிருந்து கண்டறியப்படுவதுதான். கட்டம் சில கிலோமீட்டருக்குச் சுருங்கும்போது அது போதாது, அந்தச் சமனைக் கொள்ளாத நான்-ஹைட்ரோஸ்டாடிக் மாடல் வேண்டும். இரண்டாம் வைவாவில் ஈஆர்ஏ5 (அளவீடுகளையும் மாடலையும் சேர்த்துக் கடந்தகால வானிலையை மீட்டெடுத்த தரவு) வரைபடம் ஒன்றைக் காட்டி, "இங்கே இடிமழை கொட்டியது, ஒமேகா ஏன் இவ்வளவு சிறியது?" என்று கேட்டார்கள். தாளில் போட்டுக் காட்டினேன்: 2 கி.மீ.க்கு 2 கி.மீ. பரப்பில் 20 மீ/நொடி ஏற்றம் இருந்தாலும், 25 கி.மீ. கட்டத்தில் சராசரியாக்கினால் வெறும் 13 செ.மீ./நொடி. சுற்றிலும் இறங்கும் காற்றைச் சேர்த்தால் அதுவும் குறையும். தேர்வாளர் தாளைத் தன் பக்கம் திருப்பி வகுத்தலைச் சரிபார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.