வலது பின் டயர்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், ஆண்டர்சன் ஸ்பீட்வே ஓடுதளத்தில் 1949 முதல் நடந்துவரும் லிட்டில் 500 பந்தயத்தை நினைத்தாலே எனக்கு முதலில் டயர்க் கவலைதான் வரும். கால் மைல் தார்த்தளம், 33 ஸ்பிரிண்ட் கார்கள் (சக்கரங்கள் வெளியே தெரியும் சிறு பந்தயக் கார்கள்), 500 சுற்றுகள்.

எப்போதும் இடப்பக்கமே திரும்புவதால் பாரமெல்லாம் வலது பக்கம் சாய்கிறது, அதிலும் பின் டயர் படும் பாடு பெரிது. வளைவில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல் பின் அச்சில் கிடையாது, இரண்டு சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுழலும். கார் வளைவில் இயல்பாகத் திரும்ப, வலது டயரின் சுற்றளவு இடதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இதை ‘ஸ்டாகர்’ என்பார்கள். ஆக, கையில் கிடைத்த டயரை மாட்டிவிட முடியாது. அளந்து ஜோடி சேர்க்க வேண்டும். அப்புறம் அந்த மென்மையான ரப்பரைத் தார் தின்றுவிடும்.

விலையோ ஏறிக்கொண்டே போகிறது. இங்கே ஓடுபவர்களில் பலர் வாரமெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு, குடும்பத்தோடு காரை இழுத்து வருபவர்கள். இன்ஜினைப் பழுதுபார்த்து ஓட்டலாம், தேய்ந்த டயரை என்ன செய்வது?

ஒரு இரவுக்கு இத்தனை புது டயர்தான் என்ற கட்டுப்பாட்டைப் பந்தயம் நடத்துபவர்கள் இறுக்கட்டும், ரப்பரைக் கொஞ்சம் கடினமாக்கட்டும். வேகம் குறையும், சரி. தொடக்கத்தில் கார்கள் மும்மூன்றாக நிற்கும் பதினொரு வரிசையும் நிறைந்திருப்பதைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன்.