டோலரைட் சுவரின் விளிம்பும் நடுவும்

குப்பத்துக்கும் சித்தூருக்கும் இடையே, சாம்பல் நிறக் கிரானைட்டும், பட்டைக் கோடுகள் கொண்ட நைஸ் பாறையும் பரந்து கிடக்கும் எங்கள் பூமியை ஊடறுத்துக்கொண்டு கரிய நிறக் கல் வரிசைகள் நீண்டு செல்கின்றன. கருப்பு கிரானைட் என்று விற்பனையாகும் இந்தக் கல் உண்மையில் டோலரைட் ஆகும். பழைய பாறையில் விழுந்த வெடிப்புகளின் வழியே, ஏறக்குறைய 1200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தோடு ஏறி வந்த பாறைக்குழம்பு, மேற்பரப்பை எட்டாமல் நடுவழியிலேயே உறைந்து சுவராக நின்றுவிட்டது. தென்னிந்தியாவின் மிகப் பழைய பாறைத் தொகுதிகளுள் ஒன்றான கிழக்குத் தார்வார் நிலப்பகுதியில் உள்ள இத்தகைய சுவர்களின் ஒரு பெருங்கூட்டத்துக்கு வயது ஏறத்தாழ 237 கோடி ஆண்டுகள்.

கைவிடப்பட்ட குவாரி எதிலாவது சுவரின் விளிம்பு தெரிந்தால், ஒரு கைலென்ஸோடு அங்கே சற்று நேரம் நிற்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். குளிர்ந்த பழைய பாறையைத் தொட்ட குழம்பு விரைந்து வெப்பத்தை இழந்ததால், ஒரே சமயத்தில் எண்ணற்ற இடங்களில் படிகக் கருக்கள் தோன்றின. அவை வளர்வதற்குத் தேவையான அயனிகள் குழம்புக்குள் நகர்ந்து வந்து சேருமுன்பே எல்லாம் இறுகிவிட்டன. ஆகவே விளிம்பில் படிக மணிகளை வெறுங்கண்ணால் பிரித்தறிய முடியாது. நடுப்பகுதியை நோக்கி நகர நகர, மெதுவாகக் குளிர்ந்த குழம்பில் சில கருக்களே தோன்றி நீண்ட காலம் வளர்ந்ததால், மணிகள் வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரிதாகின்றன. சுவரின் அகலம் இருமடங்கானால் குளிர்வதற்கு ஏறக்குறைய நான்கு மடங்கு காலம் பிடிக்கும் என்பதால், அகன்ற சுவர்களில் இந்த வேறுபாடு நன்றாகத் துலங்கும்.

எந்தக் கனிமம் முதலில் பிறக்கிறது என்பது அடுத்த கேள்வி. கனடாவில் பிறந்த பாறையியலாளர் நார்மன் போவன், சிலிக்கேட் கலவைகளை உருக்கி, குறித்த வெப்பத்தில் நிறுத்தி, பின் சட்டெனக் குளிர்வித்து, அந்தந்த வெப்பத்தில் உருவாகியிருந்த படிகங்களை ஆராய்ந்தார். ஒலிவின், பைராக்சீன், ஹார்ன்பிளெண்ட், பயோட்டைட் என்று ஒரு வரிசையும், கால்சியம் மிகுந்த பிளாஜியோகிளேஸ் (ஃபெல்ஸ்பார் வகைக் கனிமம்) படிப்படியாகச் சோடியம் மிகுந்ததாக மாறும் இன்னொரு வரிசையும் அவர் வகுத்தவை. குவார்ட்ஸ் கடைசியில் வரும். மாணவர்கள் இந்த வரிசைகளை மனப்பாடம் செய்வதைவிடக் கல்லின் உருவங்களைப் படிக்கக் கற்பது மேல் என்பது என் உறுதியான கருத்து. முந்திப் பிறந்த கனிமம் தன் முகங்களோடு வளர்கிறது. பிந்தியது எஞ்சிய இடுக்குகளை நிரப்புகிறது. நம் டோலரைட்டில் பட்டை பட்டையான பிளாஜியோகிளேஸைப் பைராக்சீன் சூழ்ந்து நிற்பதும், கிரானைட்டில் குவார்ட்ஸுக்குப் பெரும்பாலும் சொந்த வடிவம் இல்லாததும் இதனாலேயே.

அந்தப் பட்டைகளை மெல்லிய சீவலாக்கி ஒளியை ஒரே தளத்தில் அதிரச் செய்து பார்க்கும் முனைவாக்க நுண்ணோக்கியில் வைத்தால், பலவற்றில் உள்மையம் கால்சியம் மிகுந்தும் புறவிளிம்பு சோடியம் மிகுந்தும் இருப்பதைக் காணலாம். மாறிக்கொண்டிருந்த குழம்போடு முழுப் படிகமும் இசைந்து மாறுவதற்குள் வெப்பம் தணிந்துவிட்டது.