சிக்ராஃப் 2023: 95 டாலர் வயிற்றெரிச்சலும் பஞ்சு உருண்டைகளும்

லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர டாக்ஸிக்கு 95 டாலர். இதை எழுதித் தீர்த்தால்தான் சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டைப் பற்றி எழுத மனசு வரும்.

பெட்டி எடுக்கும் இடத்திலேயே ஒருவர் வந்து "டாக்ஸியா?" என்றார். நான் தலையாட்டுவதற்குள் பெட்டி அவர் கையில். சென்ட்ரல் வாசலில் ஆட்டோக்காரர்களோடு மல்லுக்கட்டி வளர்ந்தவன் நான். இரவு நேரம், அசதி, ஏமாந்துவிட்டேன். பேசியது 60. இறங்கும்போது பெட்டிக்குத் தனி, விமான நிலையக் கட்டணம் தனி, இரவுக்குத் தனி. நம்ம ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட 7,900 ரூபாய். தானாக வந்து அழைப்பவரோடு போகாதீர்கள்; டாக்ஸி நிற்கும் இடத்தை நீங்களே தேடிப் போங்கள்.

சரி. நான் போனது மாணவத் தன்னார்வலனாக. சில ஷிஃப்ட் வேலை செய்தால் நுழைவுக் கட்டணம் கிடையாது. சொந்தக் காசில் என்றால் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டேன். 1974இல் கொலராடோவின் போல்டரில் தொடங்கிய மாநாட்டுக்கு இது ஐம்பதாவது முறை. வாசலில் நின்று பேட்ஜ் பார்ப்பது என் வேலை. என்னோடு நின்ற பெண், பிக்ஸார் அனிமேஷன் நிறுவனம் கொடுக்கும் சாவி முடுக்கினால் நடக்கும் குட்டி டீப்பாட்களை வருஷம் தவறாமல் சேர்ப்பவராம். 1975இல் மார்ட்டின் நியூவெல் கணினியில் வரைந்த அந்த டீப்பாட் இந்தத் துறைக்குப் பிள்ளையார் சுழி மாதிரி.

ஆகஸ்ட் 8ஆம் தேதி சிப் நிறுவனமான என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் தன் வழக்கமான தோல் ஜாக்கெட்டில் மேடையேறினார். ஜிஎச்200 என்ற ஏஐ சிப்பின் புதிய வடிவத்தை அறிவித்தார், கூட்டம் ஆரவாரித்தது. படம் வரைகிறவர்கள் மாநாட்டில் பேச்சில் பெரும்பகுதி ஏஐ. எனக்குச் சலிப்புத்தான்.

என்னை உலுக்கியது வேறு. பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்திலிருந்தும் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்திலிருந்தும் வந்த நால்வரின் ஆய்வுக் கட்டுரை. போட்டோக்களிலிருந்து முப்பரிமாணக் காட்சி உண்டாக்கும் அந்த முறைக்குப் பெயர் காஸியன் ஸ்ப்ளாட்டிங். ஓர் இடத்தைச் சுற்றி எடுத்த சாதாரண போட்டோக்கள் போதும். கேமரா எங்கெங்கே நின்றது என்று கணக்கிடும்போதே ஒரு புள்ளிக்கூட்டம் கிடைத்துவிடும். ஒவ்வொரு புள்ளியையும் ஓரம் மங்கிய பஞ்சு உருண்டையாக ஆக்குகிறார்கள். நிறம், பருமன், சாய்வு எல்லாம் போட்டோவோடு ஒத்துப்போகும்வரை கணினி திருத்துகிறது; போதாத இடத்தில் ஓர் உருண்டையை இரண்டாகப் பிளக்கிறது. லட்சக்கணக்கில் சேர்ந்ததும் பார்த்தால், பூங்கா பெஞ்சில் சாய்த்த சைக்கிள், அடியில் புல், சக்கரக் கம்பிகள்கூடத் தனித்தனியாக!

இதே வேலைக்கு 2020இல் வந்த நெர்ஃப் என்ற முறையில் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு கதிர் விட்டு, வழிநெடுக அங்கே என்ன நிறம் என்று நியூரல் நெட்வொர்க் என்ற ஏஐ நிரலைக் கேட்டுக்கேட்டுப் போக வேண்டும். எங்கள் லேப் கணினி ஒரே ஃப்ரேமுக்கு மூச்சு வாங்கும். இவர்களுடையது முழு எச்டியில் நொடிக்கு 30 ஃப்ரேமுக்குக் குறையாமல் ஓடுகிறது. சிறந்த கட்டுரைகளுக்கான விருதில் இதுவும் ஒன்று. கொடுக்காமல் விட்டிருந்தால்தான் கோபம் வந்திருக்கும். என் ஆறு மாத வேலை பழசாகிவிட்டதே என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை என்பது வேறு கதை.

வெளியே ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தத்தில். 7ஆம் தேதி மார்வெல் பட நிறுவனத்தின் விஎஃப்எக்ஸ் (கணினிக் காட்சி ஜாலம்) பணியாளர்கள் சங்கம் வேண்டி வாக்கெடுப்புக்கு மனு போட்டார்கள். உள்ளே மேடைகளில் நான் கேட்டவரை யாரும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. காபி வரிசையில் பேச்சே அதுதான்.

சாப்பாடு? 1917இலிருந்து இருக்கும் கிராண்ட் சென்ட்ரல் மார்க்கெட்டுக்குப் போங்கள். எல் சால்வடோர் நாட்டு புபூசா. மக்காச்சோள மாவுக்குள் சீஸும் லொரோக்கோ என்ற பூமொட்டும் வைத்துத் தட்டி, கல்லில் போட்டு எடுக்கிறார்கள். நம்ம போளியைக் காரமாகச் செய்தால் எப்படி இருக்கும், அப்படி. கூடவே புளிப்பு முட்டைக்கோஸ் ஊறுகாய். மூன்று நாள் அதையே தின்றேன்.

தங்கும் இடம், செலவு எல்லாம் வரிசையாக எழுத நினைத்தேன். போகட்டும், ஒன்று மட்டும்: திரும்பும்போது மாநாட்டு அரங்கை ஒட்டிய பிகோ நிலையத்தில் ஏ லைன் ரயில் ஏறி யூனியன் ஸ்டேஷன், 1.75 டாலர். அங்கிருந்து விமான நிலையத்துக்கு ஃப்ளைஅவே பஸ், அப்போது 9.75. மொத்தம் பதினொன்றரை. பஸ்ஸில் உட்கார்ந்து, மிச்சம் 83.50 டாலருக்கு எத்தனை புபூசா என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.