வாலில் இருந்த ஆறு எழுத்து

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு ஆர்டர் நிலவரம் காட்டும் நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். ஜெர்மனியில் துணி வாங்கும் பையரிடமிருந்து தேதியும் நேரமும் ஸ்டிரிங்காக, அதாவது வெறும் எழுத்து வரிசையாக வரும். 2024 ஆகஸ்ட் 21 காலையில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அண்ணன் கூப்பிட்டார்.

“ஏனுங்க தம்பி, இந்த ஆர்டர் நேத்தே வந்துருச்சுன்னு காட்டுதுங்க. நேத்து ராத்திரி பதினொரு மணிக்குக்கூடப் பார்த்தேன், ஒண்ணும் இல்லீங்களே?”

வந்த ஸ்டிரிங்கை எடுத்துப் பார்த்தேன். 20ஆம் தேதி, 22:30, வாலில் +02:00. உலகப் பொது நேரமான யூடிசியைவிட இரண்டு மணி நேரம் முன்னால் என்று பொருள். அங்கே இரவு பத்தரை என்றால் யூடிசியில் எட்டரை. நமக்கு மறுநாள் விடியற்காலை 2 மணி. அண்ணன் சொன்னதுதான் சரி. அந்த வாலை வெட்டி, 22:30ஐ நம் நேரமாகவே காட்டவைத்தது நான்.

காரணம் இருந்தது. சர்வரில் இருந்தது பைத்தான் நிரல்மொழியின் 3.6 பதிப்பு. ஸ்டிரிங்கை நேரமாக மாற்றும் அதன் ஸ்டிரிப்டைம் +0200 என்றால் ஏற்கும், நடுவில் கோலன் (:) வந்தால் வேல்யூ எரர். எரர் நின்றால் போதுமென்று கடைசி ஆறு எழுத்தை நறுக்கியிருந்தேன். இப்போது கோலனை மட்டும் நீக்கிப் பார்த்தேன். இன்னொரு பையரின் ஸ்டிரிங் இசட் என்ற எழுத்தோடு முடிந்தது, யூடிசி என்று பொருள். திரும்பவும் எரர். அப்புறம்தான் பைத்தான் 3.11 போட்டேன். அதில் அதே வேலையைச் செய்யும் ஃப்ரம்ஐஎஸ்ஓஃபார்மேட் இந்த மூன்று வடிவத்தையும் வாங்கிக்கொள்கிறது.

திரைப் பகுதியில் இன்னொன்று கிடந்தது. ஆஃப்செட்டில், அதாவது +02:00 போன்ற அந்த வாலில், மணியை மட்டும் படித்து நிமிடத்தை விட்டிருந்தேன். ஜெர்மனித் தேதிகளை மட்டும் வைத்துச் சோதித்தால் அது தெரியாது. நம்முடைய +05:30 ஒன்றைக் கொடுத்ததும் அரை மணி நேரம் தள்ளி நின்றது. இதைச் சோதிக்க நம் நாட்டு நேரத்தைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்தப் பையருக்குச் செவ்வாய்தோறும் பெர்லின் நேரம் காலை 10 மணிக்குள் ஷிப்மென்ட் விவரம் அனுப்ப வேண்டும். அதை +02:00 என்றே சேமித்திருந்தேன். ஆஃப்செட் அந்த ஒரு கணத்துக்கு மட்டும்தான் சரி. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னுக்கு வைப்பார்கள், +01:00 ஆகிவிடும். வாராவாரம் வருகிற நேரத்துக்கு ஊர்ப் பெயரோடு கூடிய நேர மண்டலம் (ஸோன்) தான் வேண்டும். அதற்கான பைத்தான் தொகுப்பான ஸோன்இன்ஃபோவில் யூரோப்/பெர்லின் என்று மாற்றினேன்.

அக்டோபர் 29, செவ்வாய். அதுவரை நம் நேரப்படி மதியம் 1:30 என்றிருந்த கெடு, திரையில் 2:30 என்று வந்தது.