ஒஸ்ரினுக்கு ஒரு காஸ்கற்

டெல்லியில் வந்திறங்கிய மூன்றாம் நாள் முனிர்காவில் வீடு பார்க்கப் போனோம். ஒழுங்கை முனையில் ஒரு வெள்ளை அம்பாசிடர் கிடந்தது. நான்கு ரயரிலும் காற்றில்லை, மேலெல்லாம் வேப்பஞ்சருகு. தரகரும் மனைவியும் மூன்றாம் மாடிக்கு ஏறிவிட்டார்கள். நான் கீழேயே காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எனக்கு அது அம்பாசிடர் இல்லை, மொறிஸ் ஒக்ஸ்போர்ட். யாழ்ப்பாணத்தில் சின்ன வயதில் ஏறிய ரக்ஸி. இங்கிலாந்துக்காரன் எப்போதோ கைவிட்ட காரை, கல்கத்தாவுக்குப் பக்கத்து உத்தரபாராவில் 2014 வரை செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள். "வீட்டையும் ஒருக்காப் பாருங்கோவன்" என்று மேலிருந்து குரல் வந்தது. அந்த வீட்டைத்தான் எடுத்தோம். அன்று அதில் எத்தனை அறை இருந்தது என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திராது.

மனைவிக்கு இங்கே பல்கலைக்கழகத்தில் வேலை. எனக்குக் கணினியும் இணையமும் இருந்தால் போதும். வெள்ளிக்கிழமைகளில் மலை மந்திர் முருகன் கோயில், எப்போதாவது தமிழ்ச் சங்கம். தமிழ் கேட்கும் என்று வந்தோம், கேட்டது. ஆனால் நான் கதைப்பது அவர்களுக்குப் பாதிதான் விளங்கியது. "ஊரில் நான் கார் ஓடுவேன்" என்று கீழ்வீட்டு மாமியிடம் சொன்னதற்கு, "கார் ஓடும், நீங்க ஓட்டுவேள்" என்று திருத்தினார். ரயர் என்றால் டயர், பற்றறி என்றால் பேட்டரி. சரி, மாற்றிக்கொண்டேன். வீட்டுக்குள் இன்னும் ரயர்தான்.

கார்ப் பைத்தியம் எனக்குப் பெரியப்பாவிடமிருந்து வந்தது. அவரிடம் 1957ஆம் ஆண்டு ஒஸ்ரின் (இங்கே ஆஸ்டின்) ஏ55 கேம்பிரிட்ஜ் கார் இருக்கிறது. "இருந்தது" இல்லை, இருக்கிறது. 1990களில் வடக்குக்குப் பெற்றோல் வராத வருடங்களில் அது மண்ணெண்ணெயில் ஓடியது. சின்னப் போத்தலில் பொன்போல வைத்திருக்கும் பெற்றோலைக் கொஞ்சம் காபுரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்வார். இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். சூடு போதாமல் மாற்றினால் இருமிக்கொண்டு நின்றுவிடும். அந்தக் காலத்து இன்ஜின்களுக்கு அமுக்கம் குறைவு, சென்சார் என்று ஒன்றும் கிடையாது, அதனால் கொடுத்ததைக் குடித்துவிட்டு ஓடின. வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்க நிற்கும், எங்கள் பள்ளிக்கூடச் சட்டையிலும் அந்த மணம்தான். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில், மழைக்குள், நாவற்குழிப் பாலத்தடியில் சனத்தோடு சனமாக அந்தக் கார் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது. உள்ளே எத்தனை பேர் என்று எண்ண ஒருவருக்கும் மனமில்லை. அப்பாச்சி முன்சீற்றில், என் மடியில் கோழிக்கூடு.

இப்படி ஓர் ஊரிலிருந்து வந்தவனுக்கு டெல்லியின் சட்டம் தலையில் ஏறவே மாட்டேன் என்றது. டீசல் வண்டிக்குப் 10 வயது, பெற்றோலுக்கு 15. அதற்கு மேல் ரோட்டில் இறக்கக் கூடாது என்றார்கள். பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவு, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. இங்கே நவம்பரில் ஒருமுறை மூச்சு விட்டுப் பார்த்தவர்கள் இதைக் குறை சொல்ல மாட்டார்கள். என் மகனுக்கு முதல் குளிர்காலத்திலேயே இழுப்பு வந்தது, நானும் சொல்ல மாட்டேன். ஆனாலும், வருடத்துக்கு இரண்டாயிரம் கிலோமீற்றர் மட்டும் ஓடிய காருக்கும் இரவு பகலாக ஓடிய காருக்கும் ஒரே வயதா?

மாயாபுரிப் பக்கம் ஒரு கராஜில் அந்தப் பென்ஸைக் கண்டேன். டபிள்யூ124, இந்தியாவில் பொருத்திய முதல் பென்ஸ் கார் வகை, 1995இல் புனேயில் தொடங்கியது. ஒரே ஒரு வைப்பர். அது ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போகும்போது நடுவில் குறுகி, மூலைகளில் கையை நீட்டித் துடைக்கும். அதைப் போட்டுக் காட்டச் சொல்லி மூன்று தரம் கேட்டேன், மெக்கானிக் சிரித்தார். கதவைச் சாத்தினால் பெட்டகம் பூட்டுகிற சத்தம். விலையோ, எங்களூரில் ஒரு பழைய ஓட்டோவுக்கும் காணாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களை 2025 பெப்ரவரியில்தான் திறந்துவிட்ட நாடு எங்கள் இலங்கை. அந்த ஐந்து வருடத்தில் ஓட்டை ஆல்ட்டோவும் தங்கமாகிவிட்டது. இங்கே பென்ஸ் இரும்பு விலைக்குப் போகிறது. வாங்கினால் டெல்லியில் ஓட்ட முடியாது, என்ஓசி என்ற தடையில்லாச் சான்று எடுத்து வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். 50 வயதாகிவிட்டால் கதை வேறு. 2021 விதிப்படி அது விண்டேஜ், நம்பரில் விஏ என்று எழுத்துக் கிடைக்கும், கண்காட்சிக்கும் ராலிக்கும் கொண்டுபோகலாம். நடுவில் 35 வருடம் அந்தக் கார் எங்கே போய் ஒளிந்திருக்க வேண்டும்?

2025 ஜூலை முதலாம் தேதி, பம்ப்களில் கமரா வைத்து வயது போன வண்டிக்கு எரிபொருள் இல்லை என்றார்கள். சில நாளிலேயே நிறுத்திவைத்தார்கள், அப்புறம் விஷயம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. பெரியப்பாவுக்கு போனில் சொன்னேன்.

"பெற்றோல் குடுக்கமாட்டினமாமோ? அப்ப மண்ணெண்ணெய் விடச் சொல்லு."

குர்கானில் ஒரு கரூர்க்காரர் பழக்கமானார், துணி ஏற்றுமதி. 2024 கடைசியில் புது ஈ-கிளாஸ் வாங்கினார். ஒருநாள் விமான நிலையத்துக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார். முன்சீற்றில் ஏறப் போனேன். "சார், சும்மா பின்னாடி உக்காருங்க. இந்த வண்டியே அதுக்குத்தான்" என்றார். உண்மைதான். இந்தியாவுக்கு வருவது நீட்டிய ஈ-கிளாஸ், சக்கரத்துக்குச் சக்கரம் 3,094 மில்லிமீற்றர். ஒஸ்ரினில் அது இரண்டரை மீற்றர்தான், அதற்குள்தான் அப்பாச்சி, கோழி எல்லாம். ஒரு பொத்தானை அமத்த முன்சீற் தானாக விலகிப் போனது. கால் நீட்டினேன். நான்கு சிலிண்டர், 2 லீற்றர், 204 குதிரை. ஒஸ்ரினின் 51 குதிரையும் வேலை செய்யும்போது பல்லில் தெரியும். இதில் ஒன்றுமே தெரியவில்லை. வெளியே தௌலா குவான் நெரிசல், ஆயிரம் ஹோர்ன், உள்ளே ஏசி மூச்சு விடுவது கேட்கிறது. வெளிக்காற்றில் எவ்வளவு தூசு, உள்காற்றில் எவ்வளவு என்று திரையில் இரண்டு எண்கள். வசதி என்றால் தோலும் மரமும் என்றுதான் நினைத்திருந்தேன். டெல்லியில் அது அந்த இரண்டாவது எண்.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இறங்க மனமில்லை. ஆனால் பொனற்றைத் திறக்கச் சொல்ல வேண்டும் என்று ஒருகணமும் தோன்றவில்லை. திறந்தாலும் பிளாஸ்ரிக் மூடிதானே. கரூர்க்காரருக்கு இப்போதே அடுத்த கார் யோசனை. "பிஎம்டபிள்யூ நம்ம சென்னைக்குப் பக்கத்துலதானே பண்றான், நம்மூர்க் காராச்சே" என்கிறார்.

ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையின் விண்டேஜ் ராலிக்கும் போனேன், 1964 முதல் நடத்துகிறார்கள். மகாராஜாக்களின் கார்களை விட, ரயில் அருங்காட்சியகத்தின் 1914 ஜோன் மொறிஸ் தீயணைப்பு வண்டியை மகனுக்குப் பிடித்துப்போயிற்று.

போன மாதம் பெரியப்பாவின் போன். ஹெட் காஸ்கற், அதாவது இன்ஜினின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் இருந்து அடைக்கும் தகடு, போய்விட்டது, தண்ணீர் எண்ணெய்க்குள் இறங்குகிறது. "கொழும்பில் தேடியாச்சு, இல்லை." அப்போதுதான் அந்த முனிர்கா அம்பாசிடர் ஞாபகம் வந்தது. பழைய அம்பாசிடரின் இன்ஜினும் பெரியப்பாவின் ஒஸ்ரின் இன்ஜினும் பிஎம்சி என்ற இங்கிலாந்துக் கம்பனியின் ஒரே பி-சீரிஸ், 1,489 சிசி. காஷ்மீரி கேட்டுக்கு மெற்றோ ஏறினேன். அங்கே தெரு தெருவாக உதிரிப்பாகம்தான். ஐந்தாவது கடையில் தாடிவைத்த ஒரு முதியவர், என் ஹிந்தியைப் பொறுத்துக்கொண்டு ஒரே கேள்வி கேட்டார்: "இசுசுவா, பழசா?" பிந்தி வந்த அம்பாசிடர்களில் இசுசு இன்ஜின். பழசு என்றேன். ஏணி வைத்து ஏறி, தூசு படிந்த அட்டையொன்றை இறக்கினார். செம்புத் தகடு, நான்கு பெரிய வட்டம். ஊரில் பெரியப்பா கழற்றி எறிந்த ஒன்றை வைத்து நாங்கள் வளையம் எறிந்து விளையாடியிருக்கிறோம், அதே வடிவம்.

வளைந்தால் போச்சு. அடுத்த வாரம் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்குச் சின்ன விமானம். இரண்டு கடதாசி அட்டைக்கு நடுவில் வைத்து, பெரியம்மாவுக்கு வாங்கிய சேலைகளுக்குள் செருக வேண்டும். கடையில் நின்றே வீடியோவில் காட்டினேன். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வட்டங்களை எண்ணி, சரி என்றார். பிறகு கேட்டார்:

"உன்ரை சினேகிதன்ரை புது பென்ஸ், அதை எத்தினை வருசம் ஓட விடுவாங்கள்?"

"அந்தச் சட்டப்படி பெற்றோலுக்குப் பதினைஞ்சு."

"அப்ப 2039." கொஞ்சநேரம் சத்தமில்லை. "எங்கட ஆளுக்கு அப்ப எண்பத்திரண்டு."

"ஓம், பெரியப்பா."

"தம்பி, காஸ்கற் ரெண்டாய் வாங்கு."