மும்பையில் பாறு தேடி: கோரேகாவ் காடும் மலபார் ஹில்லும்

மும்பையில் பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு, தேடிப் போன கதையை வழி, செலவு, சாப்பாடு என்று வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் கோரேகாவ் ஸ்டேஷன் வாசலில் பார்த்த ஆட்டோக்காரர் மீது இருக்கும் கோபம் இன்னும் அடங்கவில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஃபிலிம் சிட்டி பக்கம் போக 250 ரூபாய் கேட்டார். மும்பையில் ஆட்டோ மீட்டர் 26 ரூபாயில் தொடங்குகிறது. அந்தத் தூரத்துக்கு நூறை ஒட்டித்தான் வரும். மீட்டர் போடச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சின்னம்மா மகன் இந்தியில் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, "விடுண்ணா, பஸ்லயே போயிரலாம்" என்றான். பஸ்ஸில் இருவருக்கும் சேர்த்தே ஐம்பது ரூபாய் ஆகவில்லை. வெளியூர் முகம் தெரிந்தால் இரண்டு மடங்குக்கு மேல் கேட்பது பகல் கொள்ளை. பேரம் பேசாதீர்கள், நேராக பஸ் ஸ்டாப்புக்குப் போங்கள்.

தங்கியது சயான் கோலிவாடாவில், சின்னம்மா வீட்டில். அதனால் ரூம் வாடகை மிச்சம். பக்கத்து வீட்டு டீச்சர் மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றைச் சேர்த்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் கோரேகாவ் கல்வி மையத்தில் ஒரு காட்டு நடைக்கு முன்பதிவு செய்திருந்தார். ஃபிலிம் சிட்டி பக்கம், சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டிய இடம். 1883இல் எட்டுப் பேர் கூடித் தொடங்கிய கழகம் இது. வழிகாட்டி தென்காசிப் பையன், பறவை ஆராய்ச்சியில் இருப்பவர். வண்ணத்துப்பூச்சி, மரம் எல்லாம் காட்டினார். எனக்கு மனதில் நின்றது அவர் பையிலிருந்து எடுத்த இரண்டு காலிக் குப்பிகள்.

ஒன்று 30 மில்லி, இன்னொன்று 3 மில்லி. இரண்டும் டைக்ளோஃபெனாக். இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்தார். சின்னது என் சுண்டுவிரல் நுனி அளவுதான் இருந்தது.

வலிக்கும் வீக்கத்துக்கும் மாட்டுக்குப் போட்ட இந்த ஊசிதான் பாறுகளை அழித்தது. ஊசி போட்ட மாடு செத்து, அதைப் பாறு தின்றால் அந்தப் பறவையின் சிறுநீரகம் பழுதாகிவிடும். யூரிக் அமிலம் ஈரல், இதயம் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசியது போலப் படிந்துவிடும். சில நாட்களில் பறவை செத்துவிடும். 1990களில் ராஜஸ்தானின் பரத்பூரில் பாறுக் கூடுகள் காலியாவதை முதலில் கவனித்துச் சொன்னவர் இந்தக் கழகத்தின் விபு பிரகாஷ். ஏதோ தொற்றுநோய் என்றுதான் பலரும் சந்தேகப்பட்டார்கள். ஆய்வாளர் லிண்ட்சே ஓக்ஸின் குழு பாகிஸ்தானில் செய்த ஆய்வு, மருந்துதான் காரணம் என்று 2004இல் காட்டியது. அதற்குள் எல்லாம் கைமீறிப் போயிருந்தது. இந்தியாவில் 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு குறைந்துவிட்டது, ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிச்சம். வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை இடும் பறவை எப்படி மீளும்? நூறு மாட்டுச் சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்த மருந்து இருந்தாலே இத்தனை அழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

2006இல் மாட்டுக்கு இதைப் போடத் தடை வந்தது. அப்புறம் மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால்தான் 2015இல் அதை 3 மில்லியாகச் சுருக்கினார்கள். அசெக்ளோஃபெனாக் என்ற இன்னொரு மருந்து மாட்டின் உடம்புக்குள் போய் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது. அதையும் கீட்டோப்ரோஃபெனையும் தடை செய்ய 2023 ஆனது. பதினேழு வருடம்! அதே வலிக்குப் போடும் மெலாக்சிகம் என்ற மருந்து பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்பது 2006இலேயே தெரியும். புது மாட்டு மருந்து எதுவானாலும், பாறுக்கு ஆகுமா என்று பார்த்துவிட்டுத்தான் விற்க விட வேண்டும். பறவைகள் செத்த பிறகு ஆராய்ந்து தடை போடும் வழக்கம் எனக்குக் கொஞ்சமும் சரியாகப் படவில்லை.

மறுநாள் மலபார் ஹில். பார்சிகளின் இறுதிச் சடங்கு இடமான டூங்கர்வாடி அங்கேதான் இருக்கிறது. இறந்தவர்களின் உடலைப் பாறுகளுக்குக் கொடுக்கும் அவர்கள் வழக்கம், பாறு இல்லாமல் நின்றுபோகும் நிலைக்கு வந்து, உடலை உலர்த்த, சூரிய வெப்பத்தைக் குவிக்கும் கருவிகளை வைத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை, எட்டிப் பார்க்கவும் முயலாதீர்கள். அது துக்க வீடு. பக்கத்து ஹேங்கிங் கார்டனில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தோம். கரும்பருந்துகள் நிறைய வட்டமிட்டன. பாறு ஒன்றுகூட இல்லை. ஒரு சமூகத்தின் கடைசிச் சடங்கையே ஒரு மாட்டு ஊசி மாற்றிவிட்டது என்பதை அங்கே உட்கார்ந்து நினைத்தபோது நெஞ்சு அடைத்தது.

தென் மும்பையில் ஆட்டோ கிடையாது, டாக்ஸிதான். மீட்டர் ஏற ஏறப் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே மாட்டுங்கா வந்து சேர்ந்தோம். அந்தச் செலவுக்கு ராம் ஆஷ்ரயா ஹோட்டலின் அன்னாசி ஷீரா (நம் கேசரி மாதிரி) ஈடுகட்டிவிட்டது. நெய் மிதக்க, சூடாக, அன்னாசித் துண்டு பல்லில் படும்படி. கூடவே இட்லி, ஃபில்டர் காபி. மாட்டுங்கா ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது. வரிசை நீளமாக இருந்தாலும் நின்று சாப்பிடுங்கள்.

சாப்பிடும்போது தம்பி போனில் ஒரு செய்தியைக் காட்டினான். கூண்டில் இனப்பெருக்கம் செய்து வளர்த்த வெண்முதுகுப் பாறுகளை 2024இல் மகாராஷ்டிரத்தின் தடோபா காட்டில், இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தித் திறந்துவிட்டார்கள். அதில் ஒன்று ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் சுற்றித் தமிழ்நாட்டுக்கே வந்துவிட்டது! எங்கள் கோபிப் பக்கத்திலிருந்து மாயாற்றுப் பள்ளத்தாக்கு கூப்பிடு தூரம். தெற்கே காட்டுப் பாறுகள் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அந்த வட்டாரத்தில்தான். 2023 டிசம்பரில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து எண்ணியபோது 320 பாறுகள்.

உடனே ஊருக்குப் போன் போட்டு, போன மாதம் நம் மாட்டுக்கு டாக்டர் என்ன ஊசி எழுதினார் என்று அப்பாவிடம் கேட்டேன். சீட்டைத் தேடி எடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்: மெலாக்சிகம். பக்கத்துத் தோட்டத்தில் என்ன போடுகிறார்கள் என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.